பந்தத்தால் ஒரு கடிகாரம்

சுவீடன் தேசத்து மார்க்குஸ் பெர்சன் ஆக்கி 2009ஆம் ஆண்டு வெளியிட்ட மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டிலே, கட்டிகளை அடுக்கி மாளிகை எழுப்புவோர் உளர். கடிகாரம் அமைப்போரும் உளர். அக்கடிகாரத்துக்கு முள் இல்லை. விட்டுவிட்டு ஒரே சீராய்த் துடிப்பெழுப்பும் மின்சுற்றே அது.

ரெட்ஸ்டோன் என்னும் செந்தூளே அங்கு மின்கம்பி. ரெட்ஸ்டோன் பந்தத்துக்கோ விசித்திரமான குணம் ஒன்றுண்டு: தான் பற்றியிருக்கும் கட்டிக்கு மின் வந்தால் அணையும், நின்றால் எரியும். 5 பந்தங்களை வளையமாய்த் தொடுத்தால், ஒன்று எரிய அடுத்தது அணையும். எண்ணிக்கை ஒற்றைப்படையாதலால் வளையம் ஒருபோதும் அமைதி காணாது. மெய்யான மின்னணுவியலிலும் இம்முறையில் இயங்கும் சுற்றுகள் உள. பந்தமொன்று மாறப் பத்தில் ஒரு விநாடி செல்லும். ஆகவே முழுத்துடிப்புக்கு 1 விநாடி.

இது போதாதென்று ஒற்றைப் பந்தம் தன்னையே அணைக்குமாறு பிணைப்போர் ஏமாறுவர். கணினிப் பதிப்பிலே 3 விநாடிக்குள் 8 தடவை அணைந்த பந்தம் கருகி ஓய்ந்துவிடும். 2016இல் சேர்க்கப்பட்ட அவதானிக் கட்டிக்கு அக்குறை இல்லை. இரண்டை எதிரெதிரே நோக்கி வைத்தால், ஒன்றின் மாற்றத்தை மற்றது கண்டு, விநாடிக்கு 5 துடிப்புகள் எழும்.

ஆனால் அவ்வுலகத்தின் நாடியே விநாடிக்கு 20 தடவைதான். விரைவான கடிகாரங்கள் பெருகினால் கணினி களைத்து அந்நாடியும் தளரும்; கடிகாரமும் உடன் பிந்தும். வேடிக்கை என்னவெனில், உள்ளிருந்து அளப்பவருக்கு அது பிழையின்றி ஓடுவதாகவே தோன்றும். கைதேர்ந்தவர்கள் இதனாலேயே, வேண்டாத வேளையில் ஓர் அவதானியைப் பின்னிழுத்து நிறுத்த, ஒட்டும் தன்மையுள்ள உந்துகட்டி ஒன்றையும் பக்கத்தில் வைக்கின்றனர்.