ஆவுளியாவும் நில் ஸ்டேட்மென்டும்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், கல்லூரிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டதும், பிக்சட் டெபாசிட் வட்டி, நாமினேஷன் என்று ஏதாவது சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். பி.காம். படித்துவிட்டு முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் வேறு என்ன பேசுவான்? ஆனால் இன்று பேசப்போவது திமிங்கலம், டால்பின், கடல்பசு போன்ற கடல் பாலூட்டிகளை ஆராய்ச்சி செய்யப் போகும் மாணவர்களைப் பற்றி. இதை நான் தெரிந்துகொண்டது என் தம்பி மகளிடமிருந்து.

அவள் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் இருந்தாள். தீசிஸுக்குக் கடல்பசுவை எடுத்துக்கொண்டு, தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் சேதுபாவாசத்திரம் பக்கம் மூன்று மாதம் தங்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். தம்பி எனக்கு போன் செய்தான். "அண்ணே, நீங்க சொன்னாத்தான் கேப்பா. பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லுங்க." நானும் சொன்னேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். "சம்பளம் கிடையாது, கைக்காசு செலவு, பொம்பளைப் பிள்ளை படகில் போகணும், இது எதுக்கும்மா?" என்றுதான் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "ஒரு தடவை நான் சொல்றதைக் கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லுங்க பெரியப்பா" என்றாள்.

கடல்பசுவைப் பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். மீனைத் தொடாது, கடற்புல்தான் உணவு. ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை மேயும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 70 வருடம் வரை வாழக்கூடியதுதான், ஆனால் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே மூன்று முதல் ஏழு வருடம் ஆகும். வட்டி குறைவான கணக்கில் தொடர்ந்து பணம் எடுத்தால் அசல் கரைவது போல, வருடத்துக்குச் சில உருப்படி செத்தாலே இனம் குறைந்துகொண்டு வரும். அதனால்தான் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது.

சரி, மாணவர்கள் அங்கே போய் என்ன செய்கிறார்கள்? டிவியில் வருவது மாதிரி டால்பினோடு நீந்துவதில்லை. காலையில் படகில் நேர்கோட்டில் போக வேண்டும். ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் பார்க்க, இன்னொருவர் நேரம், இடம், அலையின் நிலை, தண்ணீரின் கலங்கல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வருவார். கடற்புல் இருக்கும் இடத்தில் அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே எத்தனை சதவீதம் புல் என்று தண்ணீருக்குள்ளேயே பென்சிலால் பிளாஸ்டிக் பலகையில் குறிக்க வேண்டும். கரைக்கு வந்தால் மீனவர்களிடம் கேள்வித்தாள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எந்த மாதம், குட்டியோடு இருந்ததா?

இதில் ஒரு சிக்கல். கடல்பசுவைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதனால் வலையில் சிக்கியது என்று யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள். எனக்கு இது உடனே புரிந்தது. விவசாயக் கடன் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனால் முதல் நாள் யார் உண்மையைச் சொல்கிறார்கள்? நாலு தடவை போய், டீ குடித்து, நாம் வசூலுக்கு வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பேச்சு வரும். இன்னொரு தந்திரமும் உண்டாம். காட்டுகிற படங்களுக்கு நடுவில் அந்தக் கடலிலேயே இல்லாத ஒரு விலங்கின் படத்தையும் வைப்பார்கள். "ஆமா, இதையும் பாத்திருக்கேன்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய மற்றப் பதில்களையும் யோசித்துத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் சாரசோட்டா விரிகுடாவில் நடப்பது. 1970-இல் தொடங்கிய டால்பின் ஆராய்ச்சி அங்கே இன்றும் தொடர்கிறது. ஒரே இடத்துக் காட்டு டால்பின்களைப் பற்றி உலகிலேயே அதிக காலம் நடந்துவரும் ஆய்வு அதுதான். தொடங்கியபோது ராண்டல் வெல்ஸ் என்ற பள்ளி மாணவர் உதவிக்குச் சேர்ந்தார். பிறகு அவரே பல பத்தாண்டுகள் அதன் இயக்குநராக இருந்தார். அங்கே இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் மாணவர்களின் முக்கிய வேலைகளில் ஒன்று போட்டோ பார்ப்பது. ஒவ்வொரு டால்பினின் முதுகுத் துடுப்பிலும் வெட்டும் பிசிறும் வேறு வேறு மாதிரி இருக்கும். புதுப் படத்தைப் பழைய படங்களோடு வைத்து, இது எந்த டால்பின் என்று கண்டுபிடிக்க வேண்டும். செக்கில் இருக்கும் கையெழுத்தை ஸ்பெசிமன் கார்டோடு ஒப்பிடுகிற அதே வேலை! இப்படிப் பொருத்திப் பொருத்தித்தான் அங்கே பாட்டி, அம்மா, பேத்தி என்று ஐந்து தலைமுறைக்குக் குடும்பக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தம்பியைச் சமாதானப்படுத்தி அனுப்பி வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி போன் வந்தது. குரலே சரியில்லை. "பெரியப்பா, இத்தனை நாள் படகில் போயும் ஒரு ஆவுளியாகூடப் பார்க்கலை. அப்பா தினமும் கேக்கிறார்" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போன வாரம் தூரத்தில் ஏதோ ஒண்ணு மேலே வந்து போச்சு. முதுகு மாதிரி இருந்தது. அதை ஒண்ணுன்னு எழுதிடலாமான்னு தோணுது" என்றாள்.

நான் அவளுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் மாலை கணக்கு நூற்று எண்பது ரூபாய் இடித்தது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு எண்ணைத் திருத்தி டேலி ஆக்கிவிட்டார். அடுத்த நாள் உண்மையான தவறு கிடைத்தது. ஆனால் முந்தைய நாள் திருத்திய எண்ணைத் தேடிப் பிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் எழுதிய எதையும் மேனேஜர் இரண்டு முறை பார்க்காமல் விட்டதில்லை.

"உறுதியாத் தெரியாத தொகையை நாங்க எங்கே போடுவோம் தெரியுமா? சஸ்பென்ஸ் கணக்கில். உங்க படிவத்தில் அப்படி ஒரு இடம் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. உறுதி செய்யப்படாதவை என்று தனியாக ஒரு கட்டம். "அதில் எழுது. மத்த நாளுக்கெல்லாம் பூஜ்யம் போடு" என்றேன்.

பூஜ்யம் போட்டால் ஆராய்ச்சியா என்று நீங்கள் கேட்கலாம், தம்பியும் கேட்டான். வங்கியில் அனுப்ப ஒன்றுமே இல்லாத மாதத்திலும் நில் ஸ்டேட்மென்ட் போயாக வேண்டும். போகாவிட்டால், ஒன்றும் நடக்கவில்லையா, இல்லை யாரும் பார்க்கவே இல்லையா என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. கடலிலும் அதே கதைதான். இத்தனை கிலோமீட்டர் போனோம், இத்தனை மணி நேரம் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று எழுதி வைத்தால்தான், பத்து வருடம் கழித்து அதே கோட்டில் போகிறவர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். பார்த்த நாளை மட்டும் எழுதினால் கணக்கே தப்பாகிவிடும்.

அவள் அப்படியே எழுதினாள். தீசிஸை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து வரும் மாணவர்களும் அதே கோடுகளில் போவார்கள் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னாராம். இப்போது புராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் வேலை குறைவு, பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். இதை மறைத்தால் நான் உங்களுக்குப் பொய்க் கணக்குக் காட்டியவன் ஆவேன். தம்பி இன்னும் மாதம் ஒருமுறை என்னிடம் கேட்கத்தான் செய்கிறான்.

உங்கள் பிள்ளை இப்படி ஒரு யோசனையோடு வந்தால், உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம், வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். சில கேள்விகள் கேளுங்கள். வழிகாட்டி யார், அவர் களத்துக்கு வருவாரா? உதவித்தொகை உண்டா, அல்லது நாம்தான் கட்டணம் கட்ட வேண்டுமா? தங்குமிடம், படகு, டீசல் யார் செலவு? படகில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? வனத்துறை அனுமதி கையில் இருக்கிறதா? சேகரித்த தகவல் கட்டுரையாக வந்தால் மாணவர் பெயர் இருக்குமா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

விலங்கியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்க வேண்டாம். புள்ளியியல், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. படங்களைப் பொருத்தவும், டால்பின் எழுப்பும் ஒலிப் பதிவுகளைப் பிரிக்கவும், வரைபடம் போடவும் ஆள் தேவைப்படுகிறது.

நமது குடியிருப்பில் இந்த வருடம் கல்லூரி முடிக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறீர்கள். செலவுக் கணக்குப் போட உதவி வேண்டுமானால், மாலை ஐந்து மணிக்கு மேல் நான் கீழே நூலக அறையில்தான் இருப்பேன். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.