பெரியப்பாவின் கால்களும் கல்சியக் கதவுகளும்



நான் இலண்டனில் ஒரு வைத்தியசாலையின் நரம்புப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். நரம்புக்குச் சிறு மின்னதிர்வு கொடுத்து, தசை எப்படிப் பதில் சொல்கிறது என்று அளப்பதுதான் தொழில். அப்படியிருந்தும் என் பெரியப்பாவின் கால்களுக்கு என்ன வருத்தம் என்று எட்டு மாதமாக எனக்குப் பிடிபடவில்லை.

2016 மாரியில் தொடங்கியது. கதிரையில் இருந்து எழும்ப இரண்டு கையையும் ஊன்றுவார். மாடிப்படி ஏற ஏலாது. வாய் காய்கிறது என்று எந்நேரமும் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். "வயசு போட்டுது பிள்ளை, குளிரும் சேர்ந்திட்டுது" என்றார். அப்போது அவருக்கு 61 வயதுதான். நாங்களும் ஓமென்று விட்டுவிட்டோம். பெரியம்மா மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தார். எழும்பும்போது தள்ளாடுகிறவர், பத்து அடி வைத்ததும் கொஞ்சம் உசாராகிவிடுவார். சாட்டுச் சொல்கிறார் என்று நாங்கள் பகிடி பண்ணினோம். அந்தப் பகிடி இன்றும் என்னைக் குத்துகிறது.

நரம்பு தசையோடு ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. நரம்பின் முனையில் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் நிரம்பிய நுண்ணிய பைகள் காத்திருக்கும். மூளையின் கட்டளை மின் துடிப்பாக வந்து சேர்ந்ததும், அங்குள்ள கல்சிய அயன் கால்வாய்கள் கணநேரம் திறக்கும். கதவுகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கல்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. அது உள்ளே பாய்ந்ததும் பைகள் திறந்து இரசாயனத்தைக் கொட்டும், தசை சுருங்கும்.

இதைத் துலக்கியவர்களில் முக்கியமானவர் பேர்னாட் கட்ஸ். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த யூதர். நாசிகளின் ஆட்சியில் இருந்து தப்பி 1935 இல் இங்கிலாந்துக்கு வந்தவர். எங்களைப் போல ஓர் அகதி என்று சொல்லிக்கொள்ளலாம். 1970 இல் கிடைத்த நோபல் பரிசில்தான் வித்தியாசம். 1960களில் ரிக்காடோ மிலெடியுடன் சேர்ந்து தவளையின் தசையில் அவர் காட்டியது இது: துடிப்பு வரும் தறுவாயில் கல்சியம் அங்கே நிற்க வேண்டும். துடிப்பு கடந்தபின் கொடுத்துப் பயனில்லை.

பெரியப்பாவின் உடம்பு இந்தக் கதவுகளையே தாக்கிக்கொண்டிருந்தது. லாம்பேட் ஈற்றன் நோய் என்பார்கள். பிறபொருளெதிரிகள் கல்சியக் கதவுகளைக் குறைத்துவிடும். இரசாயனம் போதாமல் தசை சோரும். ஆனால் துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் முனையில் கல்சியம் சேர்ந்து பலம் சற்று நேரத்துக்குத் திரும்பும். அந்தப் பத்து அடியின் இரகசியம் அதுதான். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்புகளிலும் இதே கோளாறு. அதனால்தான் வாய் காய்ந்தது.

கடைசியில் பரிசோதனை செய்தபோது கைத்தசையின் அலை மிகச் சிறிதாக இருந்தது. பத்து செக்கன் பலமாக முயலச் சொன்னோம். அலை இரண்டு மடங்குக்கும் மேலே எழும்பியது. திரையைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் இந்நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரலில் சிறுகலப் புற்றுநோய் இருக்கும். அந்தப் புற்றுநோய்க் கலங்களிலும் இதே கல்சியக் கதவுகள் உண்டு. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி நரம்பையும் பதம் பார்க்கிறது. பெரியப்பா நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர்.

ஸ்கானில் கட்டி தெரிந்தது. நல்லகாலம், நெஞ்சை விட்டு வெளியே பரவவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டில் புகைக்கிற ஒருவருக்குக் காலும் சோர்ந்து, வாயும் காய்ந்தால், இரண்டையும் சேர்த்தே வைத்தியரிடம் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் அவருக்கும் வயதாகத்தான் படும்.

கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் ஒருபக்கம் நடக்க, கால்களுக்கு அமிபம்பிரிடின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அது கல்சியக் கதவைத் தொடாது. துடிப்பை முடித்துவைக்கும் பொற்றாசியக் கதவைப் பூட்டும். துடிப்பு நீளும், மிஞ்சியிருக்கும் கல்சியக் கதவுகள் கூடுதல் நேரம் திறந்து நிற்கும். கெட்டித்தனமான வழி.

பெரியப்பா அதன்பின் நாலு வருடம் இருந்தார். அந்த மாத்திரை போட்டால் உதடும் விரல்நுனியும் விறுவிறுக்கும். அது தொடங்கியதும், "பிள்ளை, கதவு பூட்டியாச்சு" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டுப் படி ஏறுவார்.