குறைந்த சல்லியில் கொழும்பு பார்ப்பது பயனே



கையில் உள்ள கொஞ்சச் சல்லியோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொத்துவிலிலிருந்து கொழும்பு பார்க்கப் போவது பயனா, வீண் செலவா என்பது இன்றைய விவாதத்தின் கேள்வி. பயனே என்கிறது இந்த அணி.

எதிரணித் தலைவர் கனமான நியாயமொன்றை வைத்தார். இல்லாதவன் கொழும்புக்குப் போனால் கடைக் கண்ணாடிக்குள் இருப்பதையெல்லாம் பார்த்துப் பிள்ளைகள் ஏங்கித்தான் திரும்பும், சல்லி சேரட்டும், பிறகு போகலாம் என்றார். பிள்ளைகள் மேலுள்ள அக்கறையில் வந்த பேச்சு அது. அதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது.

பொத்துவில்காரர் கொழும்புக்குப் போகாமலா இருக்கிறார்? ஏ4 வீதியில் 300 கிலோமீட்டருக்கு மேல் ராப் பயணம் செய்து போகிறார். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பத்தரமுல்லைக்குப் போகிறார். பெரிய வருத்தம் என்றால் தேசிய வைத்தியசாலைக்கு, புற்றுநோய் என்று டொக்டர் சொன்னால் மஹரகமைக்கு. அந்தப் பயணத்துக்குக் கடன் வாங்கினாலும் அதை வீண் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் கொழும்பென்றால் வரிசையும் பயமும் அழுகையும் மட்டுமே என்று ஒரு தலைமுறை மனதில் பதிந்துபோனதே, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

புறக்கோட்டையிலிருந்து மஹரகமைக்குப் போகும் பஸ் 138ஆம் இலக்கம். பொது நூலகத்தடியாலும் அதே பஸ்தான் போகிறது. அங்கே இறங்கினால் தேசிய நூதனசாலை நடக்கிற தூரம். மருந்துத் துண்டைக் கையில் பிடித்தபடி எத்தனை உம்மாமார் அந்தத் தரிப்பிடத்தைக் கடந்திருப்பார்கள்! ஒரு தடவையாவது அங்கே இறங்குவதற்கென்றே அவர்கள் போகட்டும் என்பதுதான் இந்த அணியின் வாதம்.

இறங்கினால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நூதனசாலையையே எடுத்துச் சொல்லலாம். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார், ஒரு முஸ்லிம். திறப்பு நாளில் என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, அவர் தனக்கென எதையும் கேட்காமல், ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமையில் நூதனசாலையை மூடச் சொன்னார் என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். வெள்ளிக்கிழமை மூடும் வழக்கமும் அங்கே நெடுங்காலம் இருந்தது. 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவானபோது அறிஞர் சித்திலெப்பையோடு முன்னின்றவரும் இதே மரைக்கார்தான். கிழக்கிலிருந்து போகும் ஒரு முஸ்லிம் பிள்ளை அந்த வாசலில் நின்று இதைக் கேட்டால், தலைநகரத்தில் தனக்கும் ஒரு பங்குண்டு என்று அதற்கு விளங்கும்.

உள்ளே ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹே கொண்டுவந்தது. அதில் பொறித்த ஆண்டு 1409. 1911இல் காலியில் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. 600 வருடத்துக்கு முந்திய இந்தத் தீவு எப்படி இருந்தது என்பதைப் பாடப்புத்தகம் எத்தனை பக்கத்தில் சொன்னாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்பதற்கு ஈடாகாது. அதைப் பார்க்க உள்ளூர்க்காரருக்கு, வெளிநாட்டவர் கொடுப்பதைவிட மிகக் குறைந்த கட்டணம்தான்.

ஏங்கித்தான் திரும்பும் என்றார்களே, கொழும்பில் சல்லி கேட்காத இடங்களைப் பாருங்கள். விகாரமகாதேவி பூங்காவின் மர நிழலில் வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட யார் காசு கேட்கிறார்கள்? புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசலை அண்ணாந்து பார்க்க ஒரு சதம் தேவையில்லை. தாமரைக் கோபுரம் 2022 செப்டம்பரில் திறந்தபோது உள்ளூர்க்காரருக்கு 500 ரூபாய். ஐந்து பேருக்கு 2,500. இருந்தால் ஏறட்டும், இல்லாவிட்டால் 350 மீட்டர் உயரத்தையும் இரவு வெளிச்சத்தில் கீழே நின்றே பார்க்கலாம்.

ரயிலை மறந்துவிடக் கூடாது. அம்பாறை மாவட்டத்தில் தண்டவாளமே இல்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கோ பதுளைக்கோ போக வேண்டும். ரயிலைப் படத்தில் மட்டும் கண்ட பிள்ளையைக் கோட்டையில் மூன்றாம் வகுப்பில் ஏற்றிக் கல்கிசை வரை கொண்டுபோங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கடலலை தெறிக்கும் தூரத்திலேயே வண்டி ஓடும். இதைவிட மலிவான சந்தோஷம் அந்த நகரத்தில் வேறில்லை. பின்னேரம் காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அந்த நடைபாதையைக் கட்டி முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேண வேண்டுமென்று தனக்குப் பின் வருவோருக்குக் கல்லில் எழுதிவைத்தார். அங்கே சூரியன் கடலில் இறங்கும். கடலிலிருந்து சூரியன் எழும்புவதை மட்டுமே அறிந்த பொத்துவில் பிள்ளைக்கு அது புதுக்காட்சி.

வழி தெரிந்தால் செலவு குறையும். ராப் பஸ்ஸில் ஏறினால் விடியப் புறக்கோட்டை. ஒரு இரவு அறை வாடகை மிச்சம். தெமட்டகொடையிலோ மாளிகாவத்தையிலோ சொந்தக்காரர் இருந்தால் குளித்து இளைப்பாறலாம். முதல்நாள் சாப்பாடு வீட்டிலிருந்து போகட்டும். ஓட்டோவுக்குப் பதிலாக பஸ்ஸிலும் காலாலும் திரிந்தால் பாதை பழகும். நாளைக்குக் கம்பஸ் போகவோ நேர்முகப் பரீட்சைக்கோ தனியே வரப்போகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் உதவும்.

இல்லாதவன் பயணம் போகலாமா என்று கேட்பவர்கள் அறுகம்குடாப் பாலத்தைத் தாண்டி உல்லைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சீசன் தொடங்கினால் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் அறுகம்குடாவுக்கு இளைஞர்கள் வருகிறார்கள். எல்லாரும் பணக்காரரா? முதுகில் ஒரு பை, மலிவான கபானா, சோறும் கறியும், இ.போ.ச. பஸ். விலையை நாலு இடத்தில் விசாரித்துத்தான் கை நீட்டுகிறார்கள். அவர்களைத் துணிந்த பயணிகள் என்று மதிக்கிற ஊர், அதேபோல் கொழும்புக்குப் போகும் மீன்பிடிக் குடும்பத்தைப் பார்த்து "இதெல்லாம் இவங்களுக்குத் தேவையா" என்று கேட்கலாமா? நமது கடலைப் பார்க்க அவர்களுக்குள்ள உரிமை, நமது தலைநகரத்தைப் பார்க்க நமக்கும் உண்டு.

சல்லி சேரட்டும் என்ற வாதத்துக்கு வருவோம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. ஒரு பயணத்துக்கென்று உண்டியலில் சேர்த்துவைத்த சல்லி, அந்த ஒரு வருடத்தில் முக்கால் பயணத்துக்கும் காணாமல் போனது. விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களின் பிள்ளைகள் இதற்கிடையில் சாதாரணதரப் பரீட்சைக்கு வந்துவிட்டார்கள். பத்து வயதில் ரயிலைப் பார்த்து வாய் பிளக்கிற பிள்ளை பதினாறு வயதில் பிளக்காது.

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உல்லாசத்துக்கென்று வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்துப் போகிற பயணத்தை இந்த அணியும் ஆதரிக்கவில்லை. பெரிய கடைத்தொகுதிகளையே நாள் முழுக்கச் சுற்றினால் ஏக்கம்தான் மிஞ்சும் என்பதும் சரி. ஆனால் அது எங்கே போவது என்று தெரியாததால் வரும் குறை. அதற்காகப் பயணத்தையே தள்ளிப்போடச் சொல்வது நியாயமில்லை.

நடுவர் அவர்களே, கொழும்பு வசதியுள்ளவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த ஊரல்ல. கையிலிருக்கிற சல்லிக்குள் கணக்குப் போட்டு, அடுத்த டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள் என்று இந்தச் சபையைக் கேட்டுக்கொள்கிறது எங்கள் அணி. குறைந்த சல்லியில் கொழும்பு பார்ப்பது பயனே என்று தீர்ப்புத் தாருங்கள்.