குடியை விட ஒரு தொலைபேசி போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குடிப்பழக்கம் ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பது இன்று பலருக்குத் தெரிந்த செய்தி. எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் போகிறவர்கள் குறைவு. தூரம் ஒரு காரணம். கெடாவின் உட்பகுதித் தோட்டத்தில் இருப்பவர் மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். ஆனால் சிங்கப்பூரில் பேருந்து ஏறினால் மருத்துவமனை. அங்கும் மக்கள் தயங்குகிறார்கள். அப்படியானால் சாலையின் தூரத்தைவிட வெட்கத்தின் தூரம் பெரியது என்றுதான் சொல்ல வேண்டும். வாசலில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ, மகளுக்கு வரன் தேடும் நேரத்தில் பேச்சு பரவிவிடுமோ என்ற பயம் அது.

இந்தத் தூரத்தைத் தொலைபேசியும் காணொளியும் குறைக்கின்றன. இதைத்தான் தொலைவழி மனநலச் சிகிச்சை என்கிறோம். அதனால் எது முடியும், எது முடியாது என்பதைக் குடும்பத்தார் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஓட்டலில் இருந்து ஓர் அழைப்பு

தொலைபேசியால் குடிக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் என்பவர் அங்கு வந்து, வந்த காரியத்தில் தோற்றுப்போனார். சில மாதங்களாகத்தான் அவர் குடியை விட்டிருந்தார். ஓட்டலின் மதுக்கூடம் அவரை அழைத்தது. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தேவாலயப் பாதிரியார் ஒருவரை அழைத்து, தன்னைப் போலக் குடியால் அவதிப்படும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பின் வழியாக மறுநாள் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த மருத்துவர், இரவு வரை பேசிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் ஸ்மித் உடனே திருந்திவிடவில்லை. ஒருமுறை சறுக்கினார். பிறகு அறுவை செய்ய வேண்டிய நாளில், கை நடுக்கம் அடங்குவதற்காக ஒரு போத்தல் பீர் குடித்தார். 1935 ஜூன் 10ஆம் நாள் அவர் குடித்த அதுவே கடைசி மது என்று சொல்கிறார்கள். இன்று உலகெங்கும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்கூட, இயங்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

அழைப்பு கதவைத் திறந்தது. ஆனால் அந்தக் கை நடுக்கம்? அதைத் தொலைபேசியால் நிறுத்த முடியாது.

முதல் வாரம் மருத்துவமனைக்கே

பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், தூக்கம் போகும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வேறு சிலருக்குக் காய்ச்சலும் படபடப்பும் கூடி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் இது மரணத்தில் முடியலாம்.

நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். உருவங்கள் தெரிகின்றன என்று அவர் அலறினால், செய்வினை என்று சாமி பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தேவை மருத்துவமனைக் கட்டிலும், நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்தும், மூளையைக் காக்கும் வைட்டமின் பி1 ஊசியும். வலிப்போ புத்தி தடுமாற்றமோ கண்டால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். குறைவாகக் குடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. யார் எந்த வகை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

விரதம் முடிந்த பிறகு

தைப்பூசத்திற்கு மாலை போட்டு, விரதம் இருந்து, வாரக்கணக்கில் குடியைத் தொடாதவர் விரதம் முடிந்ததும் மீண்டும் தொடங்குவது பல வீடுகளுக்குப் பழகிப்போன காட்சி. நிறுத்துவது வேறு, நிறுத்தியபடியே இருப்பது வேறு. தொலைவழிச் சிகிச்சையின் உண்மையான இடம் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஆலோசகர் வாரம் ஒருமுறை அழைக்கிறார். எந்த நேரத்தில் ஆசை எழுகிறது? சம்பள நாளா? வேலை முடிந்து கடையைக் கடக்கும்போதா? அடுத்த வாரம் கல்யாண விருந்து இருக்கிறதா, அங்கே கிண்ணத்தை நீட்டும் நண்பனுக்கு என்ன பதில்? ஆசை அலைபோல எழுந்து சிறிது நேரத்தில் அடங்கும். அந்த நேரத்தைக் கடக்க யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு. ஆனால் கல்லீரலைச் சோதிக்க இரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு அருகிலுள்ள கிளினிக்கிற்குப் போகத்தான் வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. மது வாடை தொலைபேசியில் வராது. ஓரறை வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் கேட்க மனம் திறந்து பேச முடியாது. சிலர் புளோக்கின் கீழ்த்தளத்திற்குப் போய்ப் பேசுகிறார்கள், சிலர் காருக்குள் அமர்ந்து பேசுகிறார்கள். அடி வாங்கும் மனைவி அழைக்கும்போது அடிப்பவர் பக்கத்திலேயே இருக்கலாம். ஆகவே அனுபவமுள்ள ஆலோசகர் முதலில், "தனியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்பார்.

பயன் உண்டா?

2020ஆம் ஆண்டு மார்ச்சில், கொவிட்-19 பரவியபோது, ஹெராயின் போன்ற போதைப்பொருளுக்கு அடிமையானவர்களுக்கு நேரில் பார்க்காமலேயே, தொலைபேசியில் பேசி, புப்ரெனோர்பின் மருந்து எழுத அமெரிக்கா அனுமதித்தது. மருந்து தவறாகப் பயன்படும் என்று பலர் அஞ்சினர். 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மெடிகேர் காப்புறுதி பெற்றவர்களின் பதிவுகளை ஆராய்ந்தது. தொலைவழிச் சேவை பெற்றவர்கள் சிகிச்சையில் நீடித்திருந்ததும், அவர்களிடையே மிகையளவு ஆபத்து குறைந்திருந்ததும் தெரியவந்தது.

ஆனால் அதை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. சிங்கப்பூர் 2006இல் அந்த மருந்தைக் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளாக அறிவித்தது. மலேசியாவில் 2005இல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. எந்த நாட்டிலும் பொருந்தும் பாடம் ஒன்றுதான்: சிகிச்சை எளிதாக எட்டினால் நோயாளி அதில் நிலைத்திருப்பார்.

யார் அழைப்பது?

மலேசியாவில் சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற உதவி எண் உண்டு. சிங்கப்பூரில் 2025இல் தொடங்கிய 1771 உண்டு. மனநலக் கழகத்தில் போதைப்பழக்கத்திற்கென்றே தேசியச் சேவை இயங்குகிறது.

"அவர் வரமாட்டேன் என்கிறாரே" என்பதுதான் பெரும்பாலான மனைவியரும் தாய்மாரும் சொல்லும் வார்த்தை. அவர் வராவிட்டால் நீங்கள் அழைக்கலாம். அவரிடம் எந்த நேரத்தில் பேசுவது, குடித்திருக்கும்போது ஏன் வாதிடக்கூடாது, பிள்ளைகளை எப்படிக் காப்பது என்பதெல்லாம் குடும்பத்தாருக்கும் கற்றுத்தரப்படும். மது வாங்கக் கடன் கொடுப்பதை நிறுத்தவும், நிறுத்திய நாளைப் பாராட்டவும் கற்றுக்கொண்ட குடும்பம் நோயாளிக்குப் பெரிய பலம்.

90 ஆண்டுகளுக்கு முன் அந்த ஓட்டலில் மதுக்கூடமும் இருந்தது, தொலைபேசியும் இருந்தது. இன்று தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது. இன்றிரவு ஓர் அழைப்பு, நாளைக்கு ஒரு மருத்துவர். இந்த வரிசையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.