ஏழெட்டு ஐம்பத்து நான்கு

இன்று பி.எட். பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மகளோ மருமகளோ மேடையேறக் காத்திருக்கும் பாட்டிமார்களே!

மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை அம்மாவின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அது அழுவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டிய உளவியலாளர் மாஸ்லோவை மறந்திருக்க மாட்டீர்கள். பத்து மதிப்பெண் வினா. பிரமிடு வரைந்து, ஐந்தாகப் பிரித்து, உச்சியில் 'தன்னிறைவு' என்று எழுத வேண்டும். (எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உணவு உற்பத்திதான் ஞாபகம் வருகிறது.) 1943-இல் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது அது.

பிரமிடின் அடித்தட்டான பசியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று தெரிந்துதான் 1956-இல் காமராஜர் மதிய உணவு போட்டார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. ஆசிரியருக்கும் வயிறு உண்டு. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் வாங்குவது ஒரு தொகை என்கிற இடத்தில் உங்களில் சிலர் வேலைக்குச் சேரக்கூடும். அவர்களிடம் உச்சித்தட்டைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தும் பேசுகிறேன். நான் சறுக்கியது அங்கேதான்.

எங்கள் காலத்தில் பி.எட். ஓராண்டு, கற்பித்தல் பயிற்சி 40 நாள். ஆறாம் வகுப்பு. செவ்வகத்தின் பரப்பளவு. நீளம் 8, அகலம் 7 என்று போட்டு, விடையை 54 என்று எழுதினேன். கடைசி பெஞ்சில் எங்கள் கல்லூரிப் பேராசிரியர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், ஏழெட்டு ஐம்பத்தாறு சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியும்டா. யார் கவனிக்கிறீங்கன்னு பார்க்கத்தான் அப்படிப் போட்டேன்."

சிரிக்கிறீர்கள். நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள் போல.

பேராசிரியர் குறிப்பேட்டில் எழுதினார்: 'மாணவர் கவனத்தைச் சோதித்த விதம் நன்று.' அந்தப் பையன் மட்டும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. மீதி இருந்த மூன்று வாரமும் அவன் கை தூக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தப்பு செய்கிறவன் வாத்தியாராக முடியாது என்று நம்பிப் பயந்திருந்தேன். அந்தப் பயத்துக்குப் பெயர் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல், ஆர்தர் ஜெர்சில்டு என்ற அமெரிக்க உளவியலாளர் 1955-இல் எழுதிய புத்தகத்தைப் படித்தபோது. கற்பிக்கும் முறைகளை விட்டுவிட்டு, ஆசிரியரின் பதற்றம், தனிமை, கோபம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார் மனிதர். தன் முகத்தைப் பார்க்கத் துணியாதவர் பிள்ளைகளுக்குத் தங்களைத் தெரிந்துகொள்ள எப்படி உதவுவார் என்பது அவர் கேள்வி. மாஸ்லோவும், உச்சிக்குப் போனவர்கள் என்று தான் கருதியவர்களை மகான்களாகக் காட்டவில்லை. அவர்களிடமும் குறைகள் இருந்தன, அவற்றோடு சண்டை போடாமல் இருந்தார்கள் என்றுதான் எழுதினார். அந்த வரிக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளிப் பயிற்சியை 20 வாரமாக நீட்டியபோது, 'தன்னைப் புரிந்துகொள்ளுதல்' என்பதையும் படிப்புக்குள் கொண்டுவந்தது. நல்ல எண்ணம்தான். நேற்று அதற்காக நீங்கள் எழுதிய ரெக்கார்டுகளைப் புரட்டினேன். 'என் பலவீனம்' என்ற தலைப்பில் பலரும் 'எளிதில் இரக்கப்படுவது', 'அளவுக்கு மீறி உழைப்பது' என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து வேறு, வாசகம் ஒன்று. பக்கத்திலேயே சிவப்பு மையில் டிக். சீனியர் ரெக்கார்டு கைமாறும் கதை எனக்கும் தெரியும். ஒரே ஒருவர் மட்டும், 'மெதுவாகப் படிக்கும் பிள்ளையைக் கண்டால் எரிச்சல் வருகிறது' என்று எழுதியிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் வகுப்பில் என் பேத்தியைத் தைரியமாகச் சேர்ப்பேன்.

வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, ஏழாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டும்போது மறுபடி தப்பு விட்டேன். ஒரு சின்னப் பெண் எழுந்து சொன்னாள். பழைய பொய் நாக்கு நுனி வரை வந்தது. "ஆமா, தப்புதான். வந்து திருத்து" என்றேன். அவளுக்குப் பலகை எட்டவில்லை. எக்கி நின்று உள்ளங்கையால் அழித்துவிட்டு, சாய்ந்த எழுத்தில் சரியான விடையை எழுதி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எனக்கு வேர்த்துவிட்டது. அன்று பின்பெஞ்சில் யாரும் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கவில்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. நிறுத்திக்கொள்கிறேன். சான்றிதழ் வாங்கியதும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி எல்லாவற்றையும் இங்கேயே நின்று சரிபாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இன்றைக்கே அலுவலகத்தில் சொல்லுங்கள். உங்கள் கவனத்தைச் சோதிக்கத்தான் அப்படி அச்சிட்டோம் என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள்.