நெருங்கினால் வழிவிடும் வாயு

ஏற்காட்டு மலைப்பாதையில் மூடுபனி அடர அடர, எதிரே வரும் பேருந்தின் விளக்கொளி மங்கும். அணுக்களாலான வாயுவும் நெருக்கினால் ஒளியை இன்னும் சிதறடிக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் 2021-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் லித்தியம் வாயுவை நெருக்கி, தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரியில் லட்சத்தில் இரண்டு பங்கு வரை குளிர்வித்தார்கள். வெப்பமான அணுக்கள் சிதறடிப்பதைவிட 38 சதவீதம் குறைவான ஒளியே சிதறியது. காரணம் பௌலியின் விலக்கல் விதி. அந்த ஆய்வில் பயன்பட்ட வகை அணுக்களில் இரண்டு ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது. ஒளித்துகளைத் திருப்பிவிடும் அணு, அந்த உதையில் வேறொரு இயக்க நிலைக்குப் போயாக வேண்டும். பக்கத்து நிலைகளெல்லாம் நிறைந்திருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஒளி நேரே கடந்துவிடும்.

லித்தியத்துக்கு மட்டுமே உரிய விந்தையோ என்று கேட்கலாம். இல்லை. நியூசிலாந்தில் பொட்டாசியத்திலும், கொலராடோவில் ஸ்ட்ரான்சியத்திலும் அதே ஆண்டு இதே விளைவைக் கண்டார்கள். வாயு ஏன் முழுக்கத் தெளியவில்லை என்பது நியாயமான கேள்வி. துளி வெப்பம் மிஞ்சினாலும் சில நிலைகள் காலியாகவே இருக்கும். அங்கே சிதறல் நடக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் கப்பலேறிய வானியற்பியலாளர் சந்திரசேகர், வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பைக் கணக்கிட்டதும் பௌலியின் இதே விதியை வைத்துத்தான்.