கல்லுக்கு ஒரு ரகசியச் செய்தி

பிரான்சின் வடமேற்கு மூலையில், பிரெத்தான் கடற்கரையில் பெரோஸ் கிரெக் என்று ஓர் ஊர். அங்கே பாறைகள் இளஞ்சிவப்பு நிறம். சாயம் பூசியதல்ல. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி, கருங்கல்லாக இறுகியது. அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் தந்த நிறம் அது. மேல்மண் கரைந்து போக, காற்றும் மழையும் அந்தக் கல்லை ஆமை, முயல் என்று செதுக்கிவிட்டன.

ஒரு பாறைக்கு நெப்போலியன் தொப்பி என்று பெயர். 1944 ஆகஸ்டில் லண்டன் வானொலி, "நெப்போலியன் தொப்பி இன்னும் பெரோஸ் கிரெக்கில்தான் இருக்கிறதா?" என்று கேட்டது. அதைக் கேட்ட ரகசியப் போராளிகளுக்குப் புரிந்தது: நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியரை எதிர்த்து எழும் வேளை வந்துவிட்டது!

பக்கத்துக் கடற்கரையில் புனித கிரெக்குக்கு ஒரு சின்னக் கல் மண்டபம். கடல் ஏறினால் தண்ணீர் சூழ்ந்துவிடும். கல்யாணம் ஆகாத பெண்கள் அவருடைய மரச்சிலையின் மூக்கில் ஊசி குத்துவார்களாம். ஊசி நின்றால் ஒரு வருடத்துக்குள் மாலை! பாவம், மூக்கு தேய்ந்தே போனது. 1904-இல் கருங்கல் சிலை வைத்தார்கள். அதற்கும் இப்போது மூக்கு சரியில்லை.

எதிரே கடலில் 'ஏழு தீவுகள்' என்ற தீவுக்கூட்டம். வண்ண அலகுள்ள பஃபின் பறவைகளைச் சுட்டு விளையாட அந்தக் காலத்தில் ரயிலேறி வந்தார்கள். அதைத் தடுக்கவே 1912-இல் பிரான்சின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. இன்றும் பஃபின்கள் முட்டையிட அங்கே வருகின்றன.